மதிப்பெண்ணைப் படிக்கும் முறை
வயலிலும் தொழுவத்திலும் வங்கியிலும் எண்கள் சொல்லும் செய்தி

பள்ளி விட்டு வரும் பிள்ளையிடம் "எத்தனை மார்க்?" என்று கேட்கிறோம். கிரிக்கெட் ஆட்டம் நடக்கும் நாளில், முன்பின் அறியாதவரிடம் கூட "ஸ்கோர் என்ன?" என்று கேட்கத் தயங்குவதில்லை. ஆனால் நம் விதைக்கும், பயிருக்கும், கறவை மாட்டுக்கும், ஏன், கடன் வாங்கும் நமக்கும் கூட மதிப்பெண்கள் இடப்படுகின்றன. இவற்றைக் கேட்டுத் தெரிந்து கொள்வோர் சிலரே. தெரிந்து கொண்டவர்களிலும் அதன் பொருளைத் தவறாகப் புரிந்து கொண்டு பணத்தை இழப்போர் உண்டு. உழவர்களின் அன்றாட வாழ்வில் வரும் சில முக்கியமான மதிப்பெண்களையும், அவற்றைப் படித்துப் பயன்படுத்தும் முறையையும் இக்கட்டுரையில் காண்போம்.

கோடு எண் ஆனது

ஆங்கிலத்தில் 'ஸ்கோர்' என்ற சொல்லுக்கு முதற்பொருள், கோலில் கத்தியால் வெட்டிய கீறல் என்பதாகும். ஆடுகளை எண்ணுவோர் 20 ஆடுகளுக்கு ஒரு கீறல் போட்டதால், அச்சொல்லுக்கு 'இருபது' என்ற பொருளும் வந்தது. பின்னர் கடன் கணக்கு, விளையாட்டில் எடுத்த புள்ளி, இசைக்குறிப்பு ஏடு என்று பல பொருள்கள் சேர்ந்தன. நம் வீடுகளிலும் பால் ஊற்றுபவர் சுவரில் கரிக்கோடு போட்டு மாதக் கணக்கை வைத்தது பலருக்கும் நினைவிருக்கும். ரூபாய்க்கு 16 அணா என்றிருந்த காலத்தில், "இந்த வருடம் எட்டணா விளைச்சல்" என்று சொன்னால் பாதி விளைச்சல் என்பது ஊருக்கே விளங்கியது. அதுவும் ஒரு மதிப்பெண்தான்.

தமிழில் மதிப்பு, எண் என்ற இரு சொற்கள் சேர்ந்து மதிப்பெண் ஆயிற்று. கண்ணாலும் கையாலும் மதித்து அறிந்ததை, பிறருக்கும் விளங்கும்படி எண்ணாக்கிச் சொல்வதே அதன் வேலை. எந்த மதிப்பெண் கைக்கு வந்தாலும் கீழ்க்கண்ட நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும்.

1. இந்த எண் எதை அளக்கிறது?
2. எண் கூடினால் நல்லதா, குறைந்தால் நல்லதா, நடுவில் நிற்பது நல்லதா?
3. எங்கே, எப்போது, எம்முறையில் எடுக்கப்பட்டது?
4. எந்த எண் வந்தால் என்ன செய்ய வேண்டும்?

நான்காவது கேள்விக்கு விடை இல்லாத மதிப்பெண்ணால் உழவருக்குப் பயன் இல்லை. இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

விதை முளைப்பு: மாதிரி சரியாக இருக்க வேண்டும்

உழவர் தம் வீட்டிலேயே இடக்கூடிய எளிய மதிப்பெண் இது. நெல்லில் சான்று விதைக்குக் குறைந்தது 80 சதம் முளைப்புத்திறன் இருக்க வேண்டும் என்பது நிர்ணயிக்கப்பட்ட தரமாகும். சொந்த விதையானால் 100 விதைகளை எண்ணி எடுத்து, நனைத்த கோணிப்பையில் வரிசையாகப் பரப்பிச் சுருட்டி, ஈரம் காயாமல் நிழலில் வைக்க வேண்டும். நல்ல வேரும் முளையும் விட்ட நாற்றுகளை மட்டுமே எண்ண வேண்டும். ஊனமுற்ற முளைகளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

இதில் பெரும்பாலும் நேரும் குறை, கைக்கு எட்டிய மூட்டையின் மேல்வாயிலிருந்து மட்டும் விதை எடுப்பதாகும். எல்லா மூட்டைகளிலும் மேல், நடு, அடி ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் எடுத்துக் கலந்து, அதிலிருந்து 100 விதைகளை எண்ண வேண்டும். ஒரு மூட்டையில் எடுத்த எண் அந்த மூட்டைக்கு மட்டுமே பொருந்தும்.

100-க்கு 64 மட்டும் முளைத்தால், 80 சத முளைப்புள்ள விதை 10 கிலோ போதுமான இடத்தில் இவ்விதை 12½ கிலோ தேவைப்படும். அவ்வாறு கூட்டி விதைத்தாலும் நாற்றுகளின் வீரியம் குறைவாகவே இருக்கும். எனவே விதையை மாற்றுவதே சிறந்தது. நாற்றங்காலில் விதைத்த பின் வருந்துவதைவிட, விதைப்பதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன் இதைச் செய்து பார்ப்பது நலம்.

இரகங்களின் எதிர்ப்புத் திறன்: குறைந்த எண்ணே நல்லது

புதிய நெல் இரகங்களைப் பற்றிய குறிப்புகளில் "புகையானுக்கு மதிப்பெண் 3", "குலைநோய்க்கு மதிப்பெண் 7" என்று காணலாம். பள்ளித் தேர்வை நினைத்துக் கொண்டு 7 சிறந்தது என்று எண்ணி விடக் கூடாது. பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் வகுத்த இந்த 0 முதல் 9 வரையிலான அளவுகோல் சேதத்தை அளக்கிறது. 0 என்றால் சேதமே இல்லை; 9 என்றால் மிகுந்த சேதம். புகையானுக்கான நாற்றுச் சோதனையில் 1 என்றால் மிகச் சிறிய பாதிப்பு. 5 என்றால் நாற்றுகள் நன்கு மஞ்சளாகிக் குன்றியோ, ஏறக்குறைய பாதி வாடியோ மடிந்தோ உள்ளன. 9 என்றால் எல்லா நாற்றுகளும் மடிந்து விட்டன என்று பொருள்.

இந்த எண்ணுக்குக் காலமும் உண்டு. 1973-ஆம் ஆண்டு வெளியான ஐ.ஆர்.26 என்ற இரகம் புகையானைத் தாங்கி வளர்ந்தது. ஆனால் ஓரிரு ஆண்டுகள் தொடர்ந்து பரவலாகப் பயிரிட்டதும், பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா ஆகிய நாடுகளில் அந்த இரகத்தையும் தாக்கும் புகையான் வகை பெருகி விட்டது. இரகம் மாறவில்லை, பூச்சி மாறி விட்டது. ஆகவே பத்தாண்டுகளுக்கு முன் கிடைத்த மதிப்பெண்ணை நம்பி வயலைப் பாராமல் இருந்து விடலாகாது. தங்கள் பகுதியில் அவ்விரகம் சென்ற போகத்தில் எப்படி இருந்தது என்று வேளாண்மை உதவி அலுவலரிடமும் அண்டை வயல்காரரிடமும் கேட்டுத் தெளிய வேண்டும்.

கறவை மாடு: நடு எண்ணே நல்லது

கறவை மாடுகளின் உடற்கட்டை 1 முதல் 5 வரை மதிப்பிடுவது உண்டு. இங்கே 1-உம் கெடுதல், 5-உம் கெடுதல். மாட்டின் எடையை மட்டும் பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். சினை மாட்டில் கன்றின் எடை சேர்ந்திருக்கும். வயிறு நிறையத் தின்ற மாடும் எடை கூடிக் காட்டும். எனவே முதுகுத்தண்டு, இடுப்பின் பக்கவாட்டில் உள்ள குறு எலும்புகள், இடுப்பு முனை, பிட்ட எலும்பு, வாலடி ஆகிய இடங்களைக் கையால் தடவி மதிப்பிட வேண்டும்.

1. முதுகெலும்புகள் ஒவ்வொன்றும் தனித்தனியே துருத்தித் தெரியும். வாலடியில் ஆழமான குழி இருக்கும்.
2. எலும்பு முனைகள் கையில் எளிதாகத் தட்டுப்படும். சிறிது சதை உண்டு.
3. இலேசாக அழுத்தினால் எலும்பு தெரியும். வாலடிக் குழி ஆழமின்றி இருக்கும்.
4. பலமாக அழுத்தினால்தான் எலும்பு தெரியும்.
5. அழுத்தினாலும் எலும்பு தெரியாது. வாலடி கொழுப்பில் புதைந்திருக்கும்.

கலப்பினக் கறவை மாடுகள் கன்று ஈனும் தருணத்தில் 3 முதல் 3½ வரை இருப்பது நல்லது. 4-க்கு மேல் கொழுத்த மாடு கன்று ஈனச் சிரமப்படும். ஈன்ற பின் தீனி எடுக்காமல் உடற்கொழுப்பு வேகமாகக் கரைந்து, ஈரல் கெட்டு, கீட்டோன் நோய்க்கு ஆளாகும். ஈன்ற இரண்டு மாதங்களில் அரைப் புள்ளி குறைவது இயல்பே. ஒரு புள்ளிக்கு மேல் இறங்கி விட்டால் பால் குறைவதோடு, மாடு பருவத்திற்கு வருவதும் தள்ளிப் போகும். ஊசி போட்டும் சினை நிற்கவில்லை என்று வருந்தும் பலர், முதலில் மாட்டின் இடுப்பைத் தடவிப் பார்க்க வேண்டும்.

மெலிந்த மாட்டைத் தேற்றுவதற்கு ஏற்ற காலம், கறவையின் கடைசி மூன்று நான்கு மாதங்களாகும். கொழுத்த மாட்டின் தீனியையும் அப்போதே சீர்ப்படுத்த வேண்டும். பால் வற்றிய பிறகு, கொழுத்து விட்டதே என்று பட்டினி போடுவது கூடாது. வயிற்றில் கன்று வேகமாக வளரும் காலம் அது. எனவே பால் வற்றும்போது, ஈனும்போது, ஈன்ற 60-ஆம் நாள், கறவையின் பிற்பகுதி என நான்கு முறை மதிப்பிட்டு எழுதி வைத்தல் வேண்டும். ஒரே ஆள் தொடர்ந்து பார்ப்பது நல்லது. ஆளுக்கு ஆள் கை மாறினால் எண்ணும் மாறும்.

இலை வண்ண அட்டை: எல்லை எண்ணைப் பார்க்க வேண்டும்

நெற்பயிருக்குத் தழைச்சத்து இடுவதில் ஊரில் நிலவும் பழக்கம், அண்டை வயல் கறுத்திருந்தால் நாமும் ஒரு மூட்டை யூரியா வீசுவதாகும். கூடுதலான தழைச்சத்தால் பயிர் சாயும். குலைநோயும் புகையானும் பெருகும். இதைத் தவிர்க்க உதவுவதே இலை வண்ண அட்டை. வெளிர் பச்சை முதல் கரும்பச்சை வரை எண்ணிட்ட பட்டைகள் இதில் உள்ளன.

பயன்படுத்தும் முறை:

1. நடவுப் பயிரில் நட்ட 14-ஆம் நாளிலிருந்தும், நேரடி விதைப்பில் விதைத்த 21-ஆம் நாளிலிருந்தும் பூக்கத் தொடங்கும் வரை வாரம் ஒரு முறை பார்க்க வேண்டும்.
2. காலை 8 மணி முதல் 10 மணிக்குள் பார்க்க வேண்டும். அட்டையில் வெயில் நேராகப் படாதவாறு நம் நிழல் விழும்படி நின்று கொள்ள வேண்டும்.
3. வயலில் பரவலாக 10 இடங்களில், நோயும் பூச்சியும் தாக்காத குத்துகளைத் தெரிவு செய்து, மேலிருந்து மூன்றாவதான, முழுவதும் விரிந்த இலையின் நடுப்பகுதியை அட்டையில் வைத்து ஒப்பிட வேண்டும்.
4. வெள்ளைப் பொன்னிக்கு எல்லை எண் 3. பிற இரகங்களுக்கும் வீரிய ஒட்டு நெல்லுக்கும் 4.
5. பத்தில் ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட இலைகள் எல்லை எண்ணுக்குக் கீழே இருந்தால் மட்டும் தழைச்சத்து இட வேண்டும். குறுவைக்கு எக்டேருக்கு 35 கிலோ தழைச்சத்து. அதாவது ஏக்கருக்கு ஏறக்குறைய 31 கிலோ யூரியா. சம்பா, தாளடிக்கு எக்டேருக்கு 30 கிலோ. அதாவது ஏக்கருக்கு ஏறக்குறைய 26 கிலோ யூரியா.

ஓர் எடுத்துக்காட்டு: பத்து இலைகளின் எண்கள் 4, 3, 3, 4, 3, 3, 4, 3, 3, 4 என்று வருகின்றன. ஆறு இலைகள் 4-க்குக் கீழே உள்ளன. வயலில் இருப்பது எல்லை எண் 4 உள்ள இரகமானால் இப்போது யூரியா இட வேண்டும். அதே எண்கள் வெள்ளைப் பொன்னி வயலில் வந்திருந்தால், ஓர் இலை கூட 3-க்குக் கீழே இல்லை. எனவே அந்த வாரம் யூரியா வேண்டியதில்லை. எண் ஒன்றே, செய்ய வேண்டிய செயல் வேறு. அண்டை வயலைப் பார்த்து உரமிடுவது ஏன் தவறு என்பது இதிலிருந்து விளங்கும்.

அட்டை இலையின் நிறத்தை மட்டுமே அளக்கிறது என்பதையும் மறக்கலாகாது. துத்தநாகக் குறையாலோ, கந்தகக் குறையாலோ, நீர் வடியாமல் வேர் கெட்டதாலோ பயிர் மஞ்சளாகலாம். அப்போது யூரியா இட்டால் பலன் இராது. ஒரு முறை தழைச்சத்து இட்டும் அடுத்த வாரம் நிறம் தேறவில்லையானால், மீண்டும் இடாமல் காரணத்தைக் கண்டறிய வேண்டும்.

புகையான்: நன்மை செய்யும் பூச்சிக்கும் இடம் உண்டு

மருந்து அடிப்பதற்கும் எல்லை எண் உண்டு. இதனைப் பொருளாதாரச் சேத நிலை என்கிறோம். புகையானுக்குத் தூர் ஒன்றுக்கு 1 பூச்சி என்பது எல்லை. ஆனால் குத்துக்கு ஒரு சிலந்தி வீதம் இருந்தால், தூருக்கு 2 பூச்சி வரை பொறுக்கலாம். 12 தூர்கள் உள்ள குத்தில் 18 புகையான்கள் இருப்பதாகக் கொள்வோம். தூருக்கு 1½ ஆகிறது. சிலந்தி இல்லாத வயலில் உடனே நடவடிக்கை தேவை. சிலந்தி உள்ள வயலில் தண்ணீரை வடித்து விட்டு, சில நாட்களில் மறுபடி எண்ணிப் பார்த்தால் போதும். எல்லைக்கு முன்பே மருந்து அடித்தால், புகையானைத் தின்னும் சிலந்தியே முதலில் மடியும். பின்பு புகையான் முன்னிலும் அதிகமாகப் பெருகும். குத்தின் அடிப்பகுதியை விலக்கித் தண்ணீர் மட்டத்தை ஒட்டி எண்ண வேண்டும். வரப்பில் நின்று இலையைப் பார்த்தால் புகையான் தெரியாது.

பயிர்க் காப்பீடு: நம் வயலின் எண்ணா, ஊரின் எண்ணா?

2016-ஆம் ஆண்டு தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், பரவலான விளைச்சல் இழப்புக்கு இழப்பீடு கணக்கிடப்படுவது தனி வயலின் விளைச்சலைக் கொண்டு அன்று. நெல் போன்ற முக்கியப் பயிர்களுக்குப் பெரும்பாலும் வருவாய்க் கிராமம் ஓர் அலகு. அங்கு தெரிவு செய்யப்பட்ட வயல்களில் குறித்த பரப்பை அறுவடை செய்து எடை போட்டுச் சராசரி காண்கின்றனர். அதனை முன்னாண்டுகளின் சராசரியிலிருந்து கணக்கிட்ட உத்தரவாத விளைச்சலோடு ஒப்பிடுகின்றனர்.

கணக்கிற்காக, உத்தரவாத விளைச்சல் ஏக்கருக்கு 2000 கிலோ, அறுவடைச் சோதனையில் கண்டது 1500 கிலோ, காப்பீட்டுத் தொகை ரூ.30,000 என்று கொள்வோம். குறைவு 500 கிலோ. அதாவது 25 சதம். இழப்பீடு ரூ.7,500. முழுதும் இழந்தவருக்கும், தப்பித்தவருக்கும் அதே 25 சதம்தான். "என் வயல் அடியோடு போயிற்றே, ஏன் குறைவாகக் கொடுத்தார்கள்?" என்ற மனக்குறைக்குக் காரணம், எண் எதை அளக்கிறது என்பதை முன்னரே அறியாததே. ஆலங்கட்டி மழை போன்று தனி வயலைத் தாக்கும் இடர்களுக்கு 72 மணி நேரத்திற்குள் தெரிவித்தால் தனியே மதிப்பீடு செய்ய வழி உண்டு. ஊரில் அறுவடைச் சோதனை நடக்கும் நாளைக் கேட்டறிந்து, உழவர்கள் நேரில் சென்று எடை போடுவதைப் பார்ப்பது நன்று. அன்று எழுதப்படும் எண் ஊர் முழுவதற்குமான எண்ணாகும்.

கடன் மதிப்பெண்: கூடினால் நல்லது

வங்கிக் கடன் கேட்பவருக்கு 300 முதல் 900 வரை ஒரு மதிப்பெண் உண்டு. எண் கூடினால் நல்லது. கடன் தகவல் நிறுவனங்கள் இந்தியாவில் நான்கு உள்ளன. வங்கிகள் அனுப்பும் தகவலைக் கொண்டு அவை இம்மதிப்பெண்ணைக் கணக்கிடுகின்றன. வாங்கிய கடனை உரிய நாளில் திருப்பினோமா, பழைய பாக்கி எவ்வளவு, அண்மையில் எத்தனை இடங்களில் கடன் கேட்டோம் என்பவை இதில் அடங்கும். நிலத்தின் வளமோ, உழைப்போ, ஊரில் உள்ள நல்ல பெயரோ இதில் சேராது. எனவே இந்த எண் குறைந்தால் மனம் குன்ற வேண்டியதில்லை. ஆனால் அசட்டையாகவும் இருக்கலாகாது. டிராக்டருக்கோ, பிள்ளையின் மேற்படிப்புக்கோ கடன் கேட்கும் நாளில் அது குறுக்கே நிற்கும்.

கவனிக்க வேண்டியவை:

1. பயிர்க்கடன், வங்கி நகைக்கடன், இருசக்கர வாகனத் தவணை ஆகியவற்றின் கெடு நாட்களை ஒரே தாளில் எழுதி வைக்கவும்.
2. பிறருக்கு ஜாமீன் கையெழுத்திட்டால், அவர் தவறும்போது நம் பெயரும் கெடும். உறவுக்காகக் கையெழுத்திடும் முன் இதை எண்ணிப் பார்க்கவும்.
3. பாக்கியில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து கணக்கை முடித்தால், 'முழுதும் செலுத்தப்பட்டது' என்று பதிவாகாது. முடிக்கும் முன் எவ்வாறு பதிவாகும் என்று கேட்டறியவும். கடன் முடிந்ததும் நிலுவை இல்லாச் சான்றைப் பெற்று வைக்கவும்.
4. ஒவ்வொரு நிறுவனத்திடமிருந்தும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகப் பெறலாம். வீட்டில் படித்த பிள்ளைகளின் உதவியுடன் எடுத்துப் பார்க்கவும். ஒரே பெயரும் ஒரே தலைப்பெழுத்தும் உள்ள வேறொருவரின் கடன் நம் கணக்கில் ஏறியிருக்கலாம்.
5. பிழை இருந்தால் எழுத்து மூலம் முறையிடவும். 30 நாட்களுக்குள் தீர்வு காணாவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023-இல் ஆணையிட்டுள்ளது.

குறிப்பேடு ஒன்று போதும்

மேற்கண்டவற்றை நினைவில் வைத்துக் கொள்வது கடினம். எனவே 40 பக்க நோட்டு ஒன்றை இதற்கென ஒதுக்கி, தேதி, வயல் அல்லது மாட்டின் பெயர், பார்த்த எண், எல்லை எண், செய்த வேலை என்று ஐந்து கட்டங்கள் கோடிட்டுக் கொள்ளவும். ஒரு போகம் எழுதி வந்தால், எந்த வாரத்தில் யூரியா தேவைப்படவில்லை, எந்த மாடு எப்போது இளைத்தது என்பது தானே விளங்கும். ஒரு தடவை எடுத்த எண்ணைக் காட்டிலும், அது வாராவாரம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே அதிகப் பயன் தரும்.

வேறொருவர் நமக்கு இடும் மதிப்பெண்ணைக் கேட்டுத் தெரிந்து கொள்வது நம் உரிமை. நம் வயலுக்கும் மாட்டுக்கும் நாமே மதிப்பெண் இடக் கற்றுக் கொள்வது நம் தொழிலுக்கு ஆதாயம். வரும் நடவில் இலை வண்ண அட்டையைக் கொண்டும், இன்று மாலை பால் கறக்கும்போது மாட்டின் இடுப்பைத் தடவியும் இதனைத் தொடங்கலாம். எண்ணைப் பார்த்துச் செலவு செய்வோம். வீண் செலவைக் குறைத்து நிறைந்த பலன் பெறுவோம்.